அருவிக்கு அக்கரையில் படப்பிடிப்பு

தென்காசி

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், சாரல் தொடங்கியதிலிருந்து அவளுக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. டெல்லியில் உன் நாடகக் குழுவோடு நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்தபடியே எழுதுகிறேன். சித்தப்பா மகன் பேச்சிராஜுக்குப் போலீஸ் வேலை கிடைத்துவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன், வீடியோ காலில் சொன்னால் கோபத்தில் என் கை உளறும். சென்னையில் உன்னை நடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களே, அந்தக் காது கேளாத பெண் வேடம், அதற்குக் காது நன்றாகக் கேட்கிற ஒருத்தியைப் போட்டுவிட்டார்கள். படப்பிடிப்பு நம் குற்றாலத்தில், ஒரு தனியார் தோட்டத்து அருவியில் நடக்கிறது. காது கேளாதோர் பள்ளியில் உன்னோடு படித்த ஆய்க்குடி முத்துசெல்விதான் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அந்த நடிகை பத்து விரலையும் ஈ விரட்டுவதுபோல் ஆட்டுகிறாள், அதில் ஒரு சொல்கூட இல்லை, முகத்தில் எந்நேரமும் அழுகை. தோட்டத்துப் பாதையில் கதாநாயகன் பின்னாலிருந்து கூப்பிட, காது கேளாதவள் வெடுக்கென்று திரும்புகிறாள். டைரக்டர் கைதட்டுகிறார். இவளுக்கு என்ன, வயிற்று வலியா என்று முத்துசெல்வி என்னிடம் சைகையில் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதைவிடக் கேவலம் பிறகுதான். அருவிக்கு இக்கரையில் கேமரா, அக்கரையில் நடிகர்கள். தண்ணீர் இரைச்சலில் கத்தியும் பயனில்லை, வாக்கி டாக்கியும் பயனில்லை. அக்கரைக்குப் போயிருந்த முத்துசெல்வியும் இக்கரையில் நின்ற நானும் மட்டும் சாவகாசமாகக் கையால் பேசிக்கொண்டிருந்தோம். உள்ளூர் மேனேஜர் சுடலைராஜ் அதைப் பார்த்து ஓடி வந்தான். "அண்ணாச்சி, ஹீரோ கொஞ்சம் தள்ளி நிக்கணும்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க" என்று என் காதில் கத்தினான். சொன்னேன், அவள் ஹீரோவைத் தள்ளி நிறுத்தினாள். பொழுது சாயும்வரை எங்கள் கைதான் அந்தப் படத்தை நடத்தியது. கிளம்பும்போது வாசலில் வந்து நிற்கிறான். "ஒங்க மவ நம்பரத் தாங்க அண்ணாச்சி, வந்து ஹீரோயினுக்குக் கையசைக்கச் சொல்லிக் குடுக்கட்டும், டைட்டில்ல பேரு போடுதோம்லா." ஏன்லே, அவளே நடிச்சா என்ன என்று கேட்டேன். "கூப்பிட்டா அவங்களுக்குக் காது கேக்காதுல்லா அண்ணாச்சி, செட்ல எப்படிச் சமாளிக்க?" அன்று பகல் முழுக்க முத்துசெல்வியின் கையைப் பார்த்து செட்டை நடத்தியவன் சொல்லுகிற வார்த்தை இது.

நம்பர் கொடுக்கவில்லை. மறுநாள் காலை எங்களைக் கூட்டிப்போக வேன் வந்தது, நானும் போகவில்லை, முத்துசெல்வியும் போகவில்லை. அக்கரைக் காட்சி இன்னும் முடியவில்லையாம். என் மனதைக் கேட்டால், கற்றுக்கொடுக்க வராதே, நடிக்கக் கூப்பிட்டால் வா என்பேன். ஆனால் தொழில் உன்னுடையது, பெயரும் உன்னுடையது, பதிலை நீதான் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சுடலைராஜ் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் எழுது. எதுவாக இருந்தாலும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவனிடம் சொல்கிறேன், அருவிக்கரையில் அல்ல, நன்றாகக் காது கேட்கிற இடத்தில் நிறுத்தி வைத்து.

குற்றாலத்து அம்மன் உன் கூடவே இருப்பாள். ராத்திரி ஆட்டோவில் ஏறினால் வண்டி நம்பரை அம்மாவுக்கு அனுப்ப மறக்காதே.

உன் அப்பா,
நல்லக்கண்ணு