மருதோண்டி மங்கும் வரை

ராத்தா,

இன்று முந்தல் ஊரில் எலும்புப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் என் முன்னால் கதிரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மருதோண்டி வாசம் குப்பென்று அடித்தது. அவளுடைய பெயரைக்கூடக் கேட்காமல் நினைவில் நான் உங்களிடம் போய்விட்டேன்.

அன்று இதே பரிசோதனைக்கு மாம்புரி மண்டபத்துக்கு, பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், வெங்காயத் தோட்டத்திலிருந்து நேரே வந்தீர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து உங்கள் தங்கச்சி நான் கொண்டுவந்த கருவியை மேலும் கீழும் பார்த்தீர்கள்.

"எலும்புக்குள்ளயும் டோர்ச் அடிக்கிறியாடி?"

கிட்டத்தட்ட அதுதான் என்றேன். தோலின்மேல் ஒளியைப் பாய்ச்சினால் அதில் கொஞ்சம் நிறம் மாறித் திரும்பி வரும். எலும்பில் சுண்ணச்சத்து எவ்வளவு, அதைப் பிடித்துவைத்திருக்கும் புரதம் எப்படி என்று அது சொல்லும். ஊசியுமில்லை, வெட்டுமில்லை.

ஆனால் உங்கள் விரல்கள் முழுக்க மருதோண்டி. அந்தச் சாயமே ஒளிர்ந்து, திரையில் எலும்பின் கோடுகளை மூடிவிட்டது. மங்கினதும் வாங்க என்றேன்.

"அதுக்கு ரெண்டு மூணு கிழமை போகும்டி. அதுக்குள்ள எலும்பு எங்க ஓடப் போகுது?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், பாவி.

இரண்டாம் கிழமை கிணற்றடியில் வழுக்கி விழுந்தீர்கள். சின்ன விழுகைதான், இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டி, ஒரு மாதத்துக்குள் மவுத்தாகிவிட்டீர்கள். உங்களைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன். விரல்களில் நிறம் போயிருந்தது, நகங்களில் இன்னும் பாதி சிவப்பு.

கெண்டைக்காலின் முன்னெலும்பிலும் பார்த்திருக்கலாம், ராத்தா. அது எனக்குத் தெரியும். மண்டபத்தில் ஆம்பிளைகள் இருந்தார்கள், நீங்கள் காலைக் காட்ட மாட்டீர்கள் என்று நானே முடிவுகட்டினேன். ஒரு சீலையை மறைப்பாகக் கட்ட எனக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தால் காப்பாற்றியிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பேன், அந்தக் கிணற்றடிக்குத் தனியே விட்டிருக்க மாட்டேன். இது என்னை அறுக்கிறது.

முந்தல் பெண் என் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டாள்.

"மருதோண்டி போட்டிருக்கேன், பிறகு வரட்டா?"

"வேணாம், இப்பவே பாப்பம். காலைக் காட்டினாப் போதும்."

கருவிப் பையிலிருந்து உங்கள் நீலச் சீலையை எடுத்து, இரண்டு யன்னல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டினேன். அவளுடைய காலில் ஒளியைப் பாய்ச்சினேன்; திரையில் எலும்பின் கோடுகள் தெளிவாக வந்தன.

போகும்போது அவள் சீலையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல சீலை. ஆருட?"

"என்ட ராத்தாட" என்றேன்.