நைனாவின் இடது கைக்கு ஒரு வாட்ச்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். செஞ்சிக் கோட்டை மலை தெரியவில்லை. துணி காயாது. என் மனைவி கலா காலையிலேயே முணுமுணுப்பு, நியாயமான முணுமுணுப்பு. நைனாவின் படுக்கை விரிப்பு மூன்றும் ஈரம்.

வாங்க: பெரியவர் டயபர் 2 கட்டு. ரப்பர் ஷீட். பி.பி. மாத்திரை. டெட்டால். சின்ன வாழைப்பழம் (பெரியது தொண்டையில் அடைக்கிறது). பாப்பாவுக்கு கிராஃப் நோட்டு.

நைனாவுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு இரண்டு மாதம். இடது கை, இடது கால் இரண்டும் கட்டை. வலது பக்கம் பரவாயில்லை. பேச்சு குழறல். அம்மாவுக்கும் எனக்கும் பழகிவிட்டது, புரிகிறது.

போன வாரம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ வந்தா கஷ்டம் சார். அவரு ஆசைப்பட்டது எதுனா இருந்தா செஞ்சிடுங்க." பஸ்சில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டு இன்று கேட்டேன். "இன்னா வேணும் நைனா?" கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். "கடியாரம்."

முதல் சம்பளத்தில் வாங்கித் தருவதாக நானே சொன்னது. வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம். வெட்கக்கேடு.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. வல்லம் ஆபீசில் ஆய்வுக் கூட்டம். இரண்டு வடை, ஒரு டீ. எனக்கு முன்னால் பேசியவர் நாற்பது நிமிஷம். எனக்குப் பொறியாளர் என்று பெயர், உட்கார்ந்து தலையாட்டுவதே வேலை.

நைனா கேட்பது ஏதோ ஒரு கடிகாரம் இல்லை. ஆண்டை கையில் இருந்தது மாதிரி வேண்டுமாம். நைனா கூலிக்குப் போன நிலத்தின் சொந்தக்காரரைத்தான் இன்னும் 'ஆண்டை' என்கிறார். அந்த ஆள் செத்தும் வருஷம் பல ஆயிற்று. எத்தனை முறை சொன்னாலும் அந்த வார்த்தை அவர் வாயைவிட்டுப் போகவில்லை. எனக்குக் காது கூசுகிறது.

வேர்க்கடலை பிடுங்கப் போன நாட்களைப் பற்றி அம்மா சொன்னாள்: "மல்லாட்ட புடுங்கும்போது வரப்புல நின்னுகினு கடியாரத்த பாப்பாரு. இன்னும் மணி ஆவலன்னுவாரு. பனமல பஸ்சு போனா நாலு மணின்னு எங்களுக்குத் தெரியும். அவரு கடியாரத்துல மூணுதான் ஆயிருக்கும். ஒரு நாளு உங்க நைனா, 'பஸ்சு போய்ட்சே ஆண்ட'ன்னு கேட்டுட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. செருப்பால அடிச்சாரு. எல்லாரும் பாக்கத்தான்."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இன்றுதான் தெரிகிறது.

நேரே நைனாவிடம் போனேன். கோபம் யார்மேல் போகவேண்டுமோ அங்கே போகாமல் அவர்மேல் போனது. "அடிச்சவன் கட்டுனத நீ எதுக்குக் கட்டணும்?" அவர் சிரித்தார், பாதி வாயால். வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினார். "சாவி குடுப்பாரு. கர்ரு கர்ருன்னு. நானும் ஒருவாட்டி குடுத்துப் பாக்கணும்."

அவ்வளவுதான். பிறகு தூங்கிவிட்டார்.

நவம்பர் 8, சனி

இரண்டாம் சனி, லீவு. அதிகாலை பஸ்சில் சென்னை. திண்டிவனம் தாண்டி நல்ல மழை, ஜன்னல் மூடவில்லை, இடது தோள் முழுக்க நனைந்தது. பக்கத்து சீட்காரர் செஞ்சியிலிருந்து தாம்பரம் வரை மருமகளைத் திட்டினார்.

பழைய வெளிநாட்டு வாட்ச் விற்கும் கடை. மாடியில் ஒரே அறை, மணி அடித்தால்தான் கதவு திறக்கும். காப்பி கொடுத்தார்கள். இந்த மாதிரி இடத்தில் எனக்கு இன்னும் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரிவதில்லை. கழற்றினேன். "பரவால்ல சார், போட்டுக்கோங்க."

கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே சுவிஸ் கம்பெனி. இரண்டும் யாரோ கட்டியது.

பழையது: ஐம்பது வருஷத்துக்கு மேல். தங்கக் கூடு, மெல்லிசு, சின்னது. முகம் மோர் நிறத்துக்கு வெளுத்திருக்கிறது. தோல் வார். பெட்டி இல்லை, பில் இல்லை. தினமும் சாவி கொடுக்கவேண்டும்.

புதியது: எட்டு வருஷம். ஸ்டீல், நீல முகம், நல்ல கனம். பெட்டி, கார்டு எல்லாம் உண்டு. கடை கியாரண்டி ஒரு வருஷம். சாவி வேண்டாம்.

"அது மறந்தா நின்னுடும் சார். இது ஆட்டோமேட்டிக். கையில இருந்தாலே ஓடும்."

பழையதைக் கையில் எடுத்துச் சாவி கொடுத்தேன். கர்ர். அதேதான். நைனா கேட்டது அதுதான் என்று அந்த நொடியே தெரிந்தது. கீழே வைத்தேன். நீலத்தை என் கையில் மாட்டிவிட்டார். எதிரே கண்ணாடி. இப்படி ஒரு கை எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

"யாருக்கு சார்?"

"எங்க அப்பாவுக்கு."

சொல்லிவிட்டு என் மணிக்கட்டை நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் என் அளவுக்குச் செயினில் இரண்டு கண்ணி எடுத்தார். கார் வாங்க வைத்திருந்த பணம் போனது.

திரும்பும் பஸ்சில் காரணங்கள் யோசித்துக்கொண்டு வந்தேன்.

பழையது கெட்டால் செஞ்சியில் யார் பார்ப்பது?

கியாரண்டி.

ஆண்டை வாட்ச் என் வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. இது நல்ல காரணம். மேடையில்கூடச் சொல்லலாம்.

நைனா எத்தனை நாள் கட்டப்போகிறார், அப்புறம் அது எனக்குத்தான். சின்னத் தங்க வாட்சைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போவது?

கடைசியை எழுதியிருக்கக் கூடாது. அடிக்கவும் மனசு வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். ஒரு வாரத்துத் துணி மாடியில்.

காலை பத்துக்கு நைனாவுக்குச் சவரம், வெள்ளை பனியன். பிறகு வாட்ச். எந்தக் கையில் என்று சின்னச் சண்டை. அம்மா: "வலது கையில கட்டுடா, அதத்தான் தூக்கிப் பாக்க முடியும்." நைனா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "சோத்துக் கையில எவனாவது கட்டுவானா?" சரி, இடது.

கை இளைத்துச் சுள்ளியாகிவிட்டது. வாட்ச் முழங்கை வரை ஓடியது. பேண்டேஜ் துணி சுற்றி அதன்மேல் மாட்டினேன். நைனா செயினையும் துணியையும் என் முகத்தையும் பார்த்தார்.

வலது கையைக் கொண்டுவந்து வாட்சின் பக்கத்துத் திருகுக் குமிழைத் தடவினார். திருகினார். அது நேரம் மாற்ற மட்டும், மரை போட்டு இறுக்கிய திருகு, சும்மா சுற்றாது.

"சாவி?"

"இதுக்கு சாவி வேணா நைனா. தானே ஓடும்."

"தானேவா." திருகிலிருந்து விரலை எடுத்து, "நல்லாத்தான் இருக்குது." என் மனசு நோகக்கூடாது என்று சொன்னது. இது புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

எதிர்வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்து, "இன்னா பெரிப்பா, மாப்ள கணக்கா கீறீங்க, பொண்ணு பாக்கட்டுமா?" என்றாள். நைனா சிரித்தார். அம்மா முறைத்தாள். நல்ல ஞாயிறு. மதியம் கோழி.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி மூடாக்கு.

காலையில் துடைத்துவிடப் போனேன். வாட்ச் நான்கு இருபதில் நிற்கிறது. நைனா விழித்துக்கொண்டுதான் இருந்தார். "நின்னுட்ச்சி," என்றார். அம்மா வாயில் முந்தானை.

கடைக்காரருக்குப் போன்.

"கழட்டி வெச்சிருந்தீங்களா சார்?"

"இல்ல, கையிலதான் இருக்குது."

"நடமாட்டம் இருக்குதா அப்பாவுக்கு?"

"இல்ல. பக்கவாதம். இடது கை ஆடாது."

அவர் மெதுவாக, "உள்ள ஒரு தகடு சுத்தணும் சார். கை ஆடினாத்தான் சுத்தும். நீங்க சொல்லலியே. சொல்லியிருந்தா அந்த சாவி வாட்சத்தான் குடுத்திருப்பேன்."

"மாத்திக்கலாமா?"

"அது நேத்தே போயிடுச்சு சார்."

படித்தது பொறியியல். அந்தக் கையை இரண்டு மாதமாக நான்தான் தூக்கித் துடைக்கிறேன், விரல் விரலாக. எந்தக் கை ஆடாது என்று எனக்குத் தெரியாதா? என் கையில் ஓடுமா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஆபீசுக்கு லேட். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அம்மா கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து, நைனாவின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள், மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோல. காலையிலும் செய்தாளாம், நேற்றும். வாட்ச் ஓடுகிறது.

"அம்மா, கை இழுத்துக்கும். கழட்டித் தனியா ஆட்டு."

"கட்டுன கடியாரத்த கழட்டக்கூடாதுடா. ஏற்கெனவே ஒருவாட்டி நின்னுட்ச்சி. இன்னொருவாட்டி நின்னா நான் தாங்க மாட்டன்."

நைனா கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அம்மாவுக்காக ஆட்ட விட்டிருக்கிறார். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஓடட்டுமே என்று எனக்கும் இருந்தது.

பாப்பா கணக்கில் 38. கலா திட்டினாள், நான் திட்டவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

இடது தோள் வீக்கம். காய்ச்சல் 101. பிசியோ தம்பி தொட்டுப் பார்த்ததும் முகம் மாறியது.

"யாரு சார் இழுத்தது? தோள் எறங்கியிருக்குது. இந்தக் கைய இப்படித் தூக்கவே கூடாதுன்னு மொத நாளே சொன்னனே."

அம்மா சுவரைப் பார்த்து நின்றாள். "நான்தான்," என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

தோளுக்குத் தூளி கட்டிவிட்டார். டாக்டர் வந்து வலிக்கு ஊசி போட்டார். கையை ஒரு மாதம் அசைக்கக் கூடாது. தம்பி போனதும் வாட்சைக் கழற்றி நானே குலுக்கி, மறுபடி அந்தக் கையில், துணிமேல், மாட்டினேன். அம்மாவுக்காக. மாட்டும்போது நிமிர்ந்தால் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. கரண்ட் இரண்டு தடவை போனது. காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கஞ்சி அரை டம்ளர். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா என்று நாளைக்குச் சொல்வார்கள்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நைனா பேச்சு இன்று தெளிவு. எதிர்பார்க்கவேயில்லை.

"கடையில எத்தினி காட்டுனான்?"

"ரெண்டு நைனா."

"இன்னொன்னு?"

"பழசு. சாவி குடுக்கறது."

"குடுத்துப் பாத்தியா?"

"பாத்தன்."

"எப்பிடி இருந்துச்சி?"

பொய் சொல்லியிருக்கலாம். கெட்டுப்போயிருந்தது, ஓடவில்லை, துருப்பிடித்திருந்தது, எத்தனையோ. "நல்லா இருந்துச்சி நைனா," என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வலது கையால் இடது மணிக்கட்டைக் காட்டினார். "கழட்டு."

கழற்றினேன். பேண்டேஜ் துணி அவர் கையிலேயே நின்றது.

"நீ கட்டிக்க. உனுக்குத்தான வாங்குன."

கட்டிக்கொண்டேன். ஓடுகிறது.