அரைவாசிக் குலைகள்

உரும்பிராய்
14.08.2024

அன்புத் தம்பி கஜீபனுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். நீயும் அந்த இத்தாலி மலையில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு சொல் சொல்வதற்குள் நீ பத்துச் சொல்லிவிடுகிறாய்.

எங்கள் முந்திரிகைப் பந்தலில் திராட்சை இந்தமுறை போய்விட்டது. எல்லாம் ஆனி மாதம் நீ ஆள்வசம் அனுப்பிய பரோலோ வைன் போத்தலோடு தொடங்கிய வினை. “வைன்களுக்குள்ளை இதுதான் ராசா. மூண்டு வருசத்துக்கு மேலை வைச்சிருந்துதான் விப்பினம். ஒரு வாய் குடிச்சுப் பார் அண்ணை” என்றாய். குடித்தேன். பச்சைப் பாக்கை மென்றதுபோல் வாயெல்லாம் துவர்ப்பு. உன் அண்ணி சுபாஜினி மூக்கடியில் வைத்து மணந்து பார்த்துவிட்டு, “உது ராசாவெண்டால் மற்றதெல்லாம் என்னமாதிரி இருக்கும்?” என்று கேட்டாள்.

அதோடு விட்டாயா? அங்கே நீ வேலை செய்யும் தோட்டத்தில் பழத்துக்குச் சாரம் ஏற வேண்டுமென்று அரைவாசிக் குலைகளைப் பிஞ்சிலேயே வெட்டி விழுத்துவார்களாம். குலையைச் சுற்றி இலையைக் கிள்ளி வெயில் பட விடுவார்களாம். “செய்து பார் அண்ணை. சரிவந்தால் மாசிக் காய்ப்புக்கு நான் வந்து எங்கடை பழத்திலையே வைன் செய்வம்” என்றாய். செய்தேன். விழுந்த பிஞ்சுகளைக் கடகத்தில் பொறுக்கியபடி அண்ணி, “உங்களுக்கு விசரே?” என்று அழுதாள்.

உங்கள் மலையில் பனிமூட்டம். வெயிலுக்கு ஏங்குகிறீர்கள். இங்கே ஆடி வெயிலை யார் கேட்டது? இலை கிள்ளிய பக்கமெல்லாம் பழம் வெந்து சுருங்கிவிட்டது. வியாபாரி வந்தான். பந்தலுக்குக் கீழே குனிந்து பார்த்தான். “அண்ணை, உது வத்தல்” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தேன். நீ முந்திக்கொண்டாய். கொடி வெட்டும் ஆட்களுக்கு உன்னை மேற்பார்வைக்குப் போட்டிருக்கிறார்களாம், மாசியில்தான் அந்த வேலையாம், ஆகையால் வரமுடியாதாம். சொன்ன கையோடு, அடுத்த வருடம் எந்தப் பக்கத்து இலையைக் கிள்ள வேண்டும் என்று தொடங்கினாய். லைன் கட்டாகவில்லை தம்பி. நான்தான் வைத்தேன்.

இருபத்தைந்து வருடமாக முந்திரிகை செய்கிறவன் நான். வெட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் வெட்டினேன். நீ சொன்னபடி செய்துவைத்தால் அதைப் பார்க்கவாவது வருவாய் என்று நினைத்தேன். இதை அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை.

நீ போய்ப் பதினொரு வருடம். வந்துபோக விசா சரியாகியே இரண்டு வருடம். நீ அனுப்பும் படங்களில் மலை தெரிகிறது, கொடி தெரிகிறது. நீ இல்லை. அண்ணிதான் கவனித்தாள். “மெலிஞ்சு கிலிஞ்சு போனானோ, ஏன் முகத்தைக் காட்டுறானில்லை?” என்றாள். 

நல்லூர்க் கந்தன் கோவிலில் கொடியேறிவிட்டது. உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். இனி எடுக்கும்போது தோட்டத்தை விடு. இரவு என்ன சாப்பிட்டாய், யாரோடு இருந்து சாப்பிட்டாய், அதை மட்டும் சொல்.

கந்தன் உன்னைக் காத்து, ஒருநாள் எங்கள் வாசல் படலையடியில் கொண்டுவந்து இறக்கிவிடட்டும்.

உன் அண்ணன்,
யோகராசா