நிமிர்த்திய துடுப்பைக் கண்டு ஏணி இறங்கிய அண்ணனுக்கு

கடலிலேயே கண்மூடிய என் கூடப்பிறந்தவரே, மரியதாஸ் அண்ணே,

இன்று காலை உங்கள் ஆண்டுப் பூசைக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மனைவி மேரி மைனி, நான், எங்கள் வீட்டுக்காரர், என் மூத்தவன் சேவியர், உங்களோடு ஒரே கப்பலில் வேலை பார்த்த லாசர் அண்ணன், சாமியார், கோயில்பிள்ளை. இவ்வளவுதான். போன வருஷம் வாசல்வரை ஆள் நின்றது. யாரும் உங்களை மறந்துவிடவில்லை, அண்ணே. நம் பக்கத்தை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலமும் மறியலும் நடக்கிறது. கூட்டம் கூடக் கூடாது என்று தடையுத்தரவு. பூசைக்கு அது பொருந்தாது என்று சாமியார் சொன்னார். ஆனால் பூசைக்கு வருகிற சாலையில் போலீஸ் நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது?

பஸ் ஓடவில்லை. மைனி கடற்கரையிலிருந்து எங்கள் ஊர் கொல்லயிலுக்கு நடந்தே வந்தார்கள். வழியில் ஒரு போலீஸ்காரர் மலையாளத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாராம். “எனக்க மாப்பிளைக்க பூசைக்கு” என்று தமிழில் சொன்னார்களாம். அவரும் தொப்பியைக் கழற்றி வழிவிட்டாராம்.

லாசர் அண்ணன் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். இத்தனை வருஷமும் அவர் எங்கள் கண்ணில் படாமலே திரிந்தார். லீவில் ஊருக்கு வந்தாலும் நம் ஆட்கள் இருக்கிற பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார். சேவியர் கப்பல் வேலைக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டு இன்று தானாகவே வந்திருக்கிறார்.

ஆமாம் அண்ணே, உங்கள் மருமகன் கப்பலேறப் போகிறான். ஈஸ்டர் கழிந்ததும் கொச்சிக்குப் புறப்பாடு. ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் நடந்தான். போலீஸ் அவன் பெயரை எழுதி வைத்துக்கொண்டது. இரண்டு தடவை வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டார்கள். அவன் அப்பா பயந்துபோய், பாறசாலைச் சந்தையில் தனக்குத் தெரிந்த கருவாட்டு வியாபாரி ஒருவர் மூலமாக வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார்.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“இங்க நின்னா தடியடி. இப்பம் உள்ள காலத்துல கடலாக்கும் பத்திரம். என்ன லாசரு, சரிதானே?”

லாசர் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சேவியரைப் பார்த்துச் சொன்னார்: “எலே மக்கா, உனக்க மாமன் எப்பிடி செத்தான்னு உனக்கு முழுசாத் தெரியாது. அதைச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

எங்களுக்குத் தெரிந்தது கம்பெனிக் கடிதத்தில் இருந்தது மட்டும்தானே. கடற்கொள்ளைக்காரர்கள் கப்பலில் ஏறினார்கள், வேலையில் இருந்த மரியதாஸ் இறந்தார் என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அவர்களோடு மல்லுக்கட்டித்தான் இறந்தீர்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியும் வந்தோம்.

லாசர் அண்ணன் சொன்னதை நான் கேட்டபடியே எழுதுகிறேன்.

“சர்க்கரை ஏத்திக்கிட்டு சிங்கப்பூர் தாண்டிப் போறோம். முன்பக்கம் காவலு அவனுக்கு. கடலையே பாத்துக்கிட்டு நிக்கணும், வேற ஜோலி ஒண்ணும் இல்ல. மத்தியானம் கழிஞ்ச நேரம். தூரத்துல ஒரு சின்ன வள்ளம். அதுல ஒரு துடுப்பு நிமிந்து நிக்குது. நுனியில ஒரு துணி.”

மேரி மைனி கையிலிருந்த மரச்சீனியைத் தட்டில் போட்டுவிட்டார்கள். எங்கள் இருவருக்கும் அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கடற்கரைக்காரர் இல்லை, அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது: நம் கரையில் துடுப்பை நிமிர்த்தித் துணி கட்டினால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். கண்டவன் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது போக வேண்டும். பகையாளியின் கட்டுமரமாக இருந்தாலும் போக வேண்டும். போகாதவனோடு யாரும் கடலுக்கு இறங்க மாட்டார்கள்.

“அந்தக் கடல்ல அது வலை கிடக்குன்னு காட்டுற அடையாளம் ஆக்கும், தங்கச்சி. அது எனக்கே பிறவுதான் தெரியும்,” என்றார் லாசர் அண்ணன். “மேல நின்ன ஆபீசர் என்ன காணுதுன்னு கேட்டாரு. இவன் என்ன சொல்லியிருக்கணும்? வலப்பக்கம் ஒரு வள்ளம், ஒரு கம்பு, ஒரு துணி. அவ்வளவுதான். பாத்ததைச் சொல்லணும், நினைச்சதைச் சொல்லப்பிடாது. இவன், ‘ஆளு சாகக் கிடக்கு சார், குடிக்க வெள்ளம் இல்லாம சாகுது’ன்னு சொல்லிட்டான்.”

“அந்த ஆபீசருக்குக் கண்ணு இல்லியா?” என்று சேவியர் கேட்டான்.

“தூரம் பாக்குற குழாய் வெச்சுப் பாத்தாரு. வள்ளத்துல ஆளு படுத்துக் கிடக்குறது தெரிஞ்சுது. இவன் கடல்கரையில பிறந்தவன், இவனுக்குத் தெரியும்னு நம்பிட்டாரு. கப்பல் நின்னுது. கயித்தேணி இறங்கிச்சு. மொத ஆளா இறங்கினவன் இவன். ஒரு கையில ஏணி, மறு கையில செம்பு நிறைய வெள்ளம்.”

பிறகு நடந்ததை அவர் வேகமாகச் சொன்னார். படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். பாய்க்கு அடியில் துப்பாக்கி இருந்தது. நீங்கள் ஏணியில் வழி மறித்து நின்றீர்கள். சுட்டுவிட்டார்கள். மேலே ஏறிப் பணப்பெட்டியையும் ஆட்களின் கைக்கடிகாரங்களையும் பறித்துக்கொண்டு, வந்த வேகத்தில் போய்விட்டார்கள். உங்களை மறுநாள் காலையில் கடலிலேயே அடக்கினார்கள்.

மைனி அழுவார்கள் என்று நினைத்து நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் அழவில்லை.

“அந்த வெள்ளத்தைக் குடிச்சானுவளா?” என்று கேட்டார்கள்.

“என்னது மைனி?” என்றார் லாசர் அண்ணன்.

“செம்புல இருந்த வெள்ளம். குடிச்சானுவளா, தட்டி விட்டானுவளா?”

லாசர் அண்ணன் சொன்னார்: “துப்பாக்கி வெளிய வருமுன்ன ஒருத்தன் குடிச்சான். இவன் குனிஞ்சு நீட்டினான், அவன் ரெண்டு கையாலயும் வாங்கி முழுசும் குடிச்சான். பின்னால நின்னவன்தான் சுட்டான். இதை இதுவரை எனக்கிட்ட யாரும் கேட்டது இல்ல.”

அந்த நேரம் முதல் என் மனது நிற்கவில்லை, அண்ணே. அப்படியானால் அவனுக்குத் தாகம் உண்மையாகவே இருந்ததா? அவர்கள் கொள்ளையடிக்க வந்தவர்களா, அல்லது தண்ணீரில்லாமல் கிடந்தபோது கப்பல் தானாக நிற்கவும் கொள்ளைக்காரர்கள் ஆனவர்களா? நீங்கள் சொன்னது பாதி சரியோ?

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கடையில் கருவாடு பொதிய வருகிற பழைய பத்திரிகைகளில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். நீங்கள் போன பிறகு, கப்பல் செய்தி இருக்கிற தாளை மட்டும் கடைக்கு விடுவதில்லை. மோதிய கப்பல், தரைதட்டிய கப்பல், தீப்பிடித்த கப்பல் என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் லாசர் அண்ணனைச் சும்மா விடவில்லை. அவ்வளவு பெரிய கப்பலில் வள்ளத்துக்காரன் எப்படி ஏறுவான் என்று கேட்டேன்.

“ஓடுற கப்பல்ல அவ்வளவு லேசா ஏற முடியாது தங்கச்சி. கப்பலு தள்ளுற வெள்ளமே வள்ளத்தை எட்டி எறிஞ்சிரும். நின்ன கப்பலாக்கும் பயம். அதுலயும் சரக்கு நிறைஞ்ச கப்பல் தாழ்ந்து கிடக்கும்.”

“அப்பம் கள்ளன்தான் பெரிய பயம், இல்லியா?”

அவர் சிரித்தார். “கள்ளன் எப்பவாவது வாறான். உறக்கம் தினமும் வருது. காவலுக்கு நிக்கிறவன் கண்ணு அசந்தா, விளக்கை மாத்திப் பாத்தா, தப்பாத் திருப்பினா கப்பல் போச்சு. கள்ளன் கொண்டுபோன கப்பலைவிட நாங்களே முக்கின கப்பல் கூடுதல்.”

“நல்லா தைரியம் சொல்லுதீரு வே, போற பிள்ளைக்கிட்ட!” என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணே, கடையின் வரவுசெலவை எழுதுகிறவள் நான். எதையும் யார் பேரிலாவது எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தவறை யார் பேரில் எழுதுவது? நீங்கள் நினைத்ததைச் சொன்னீர்கள். ஆபீசர் நம்பினார். கப்பலை நிறுத்தச் சம்மதித்தவர் காப்டன். சுட்டவன் ஒருவன், குடித்தவன் ஒருவன். கம்பெனி எல்லாவற்றையும் கொள்ளைக்காரன் பேரில் எழுதிவிட்டது. அது மட்டும் சரியாகுமா?

லாசர் அண்ணனிடம் இன்னொன்றும் கேட்டேன். அந்த இடம் எந்த நாட்டுக் கடல்? எந்த நாட்டுடையதும் இல்லை, அதனால் எந்த நாட்டுப் போலீசும் தேடி வரவில்லை என்றார். இங்கே இந்தத் தாலுகா யாருக்கு என்று நம் பிள்ளைகள் அடிபடுகிறார்கள், இரண்டு பக்கமும் என்னுடையது என்கிறார்கள். நீங்கள் விழுந்த இடத்தை என்னுடையது என்று சொல்ல ஒருவரும் இல்லையே. அதை நினைத்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

அப்போது சேவியர்தான் லாசர் அண்ணனிடம் கேட்டான். “மாமா, நாளைக்கு நான் காவலுக்கு நிக்கும்போ ஒரு வள்ளத்துல துடுப்பு நிமிந்து நின்னா, நான் என்ன செய்ய?”

“கண்ணை மூடிக்க,” என்றார் அவன் அப்பா.

“கண்ணை மூடுறதுக்கா அப்பா எனக்குக் கூலி தாறானுவ?”

“பாத்ததை மட்டும் சொல்லு,” என்றார் லாசர் அண்ணன். “தீர்மானிக்கிறது மேல உள்ளவன்.”

“அவரு என்னையே கேட்டா? நீ கரைக்காரனாச்சே, உனக்கு என்ன தோணுதுன்னு கேட்டா?”

மைனிதான் சொன்னார்கள்: “ஏணியை இறக்காத மக்கா. வெள்ளத்தைக் கயித்துல கட்டி இறக்கு.”

“அதுக்கும் கப்பல் நிக்கணுமே மைனி,” என்றார் லாசர் அண்ணன். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

சேவியர் என் முகத்தைப் பார்த்தான். என் வாயில் ஒரு பதில் வந்தது. ‘நிற்க வேண்டாம் என்று சொல்லிவிடு’ என்பதுதான் அது. தாய்க்கு வேறு என்ன வரும்? ஆனால் அதற்குள் அந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. நம் அப்பாவின் கட்டுமரம் கட்டு அவிழ்ந்து கிடந்தபோது அவர் துடுப்பை நிமிர்த்தித் தலைத்துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்டு வந்தவர்கள், வலைத் தகராறில் நம்மோடு வழக்காடிக்கொண்டிருந்த குடும்பம். அப்பாவைக் கரையில் இறக்கிவிட்டு, “கேசு கேசுதான் கேட்டீரா, நாளைக்குக் கோர்ட்டுல காணலாம்” என்று சொல்லிப் போனார்கள். எனக்கு அப்போது நினைவு தெரியாத வயது. நீங்கள்தான் பிறகு எத்தனையோ தடவை எனக்குச் சொல்லிச் சிரிப்பீர்கள். அந்த வீட்டுத் தாயும் தன் பிள்ளைகளிடம் நிற்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தால்?

ஆகையால், “யோசிச்சுச் சொல்லுதேன் மக்கா” என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான். இன்னும் காத்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தை நம் பங்குக் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நீங்கள் கொள்ளைக்காரர்களோடு சண்டையிட்டு இறந்தீர்கள் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். நடந்ததை நடந்தபடியே சொல்வேன். மைனிக்கும் அதில் சம்மதம். கடலுக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்கள் இதைப் படித்து, தங்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வேன்.

ஆனால் தண்ணீர் குடித்தவன் முகத்தைக் கிட்டத்தில் கண்டவர் நீங்கள் ஒருவர்தான், அண்ணே. ஏணியின் கடைசிப் படியில் குனிந்து நின்று, அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அப்போது உங்களுக்கு என்ன தோன்றியது? மறுபடியும் அந்தத் துணியைக் கண்டால் இறங்குவீர்களா? கனவை நம்பாதே, ஜெபத்தில் வருகிற தெளிவை நம்பு என்று சாமியார் சொல்வார். தினமும் விடியற்காலை ஜெபமாலை சொல்லி முடித்ததும் உங்கள் பதிலுக்காகக் கொஞ்சநேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பேன். இறங்கு என்றாலும், இறங்காதே என்றாலும், நீங்கள் சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சேவியரிடம் சேர்ப்பேன். இது ஆண்டவர் அறிய நான் தருகிற வாக்கு.

ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்களுக்கு இளையவள்,
உங்கள் மருமகனின் அம்மா,
திரேசம்மாள்