சசிகலாவின் பின் டயர்

வடக்குப்பட்டு
23.1.2005

அன்புள்ள மகன் மோகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் சிங்கப்பூரில் வேளைக்குச் சாப்பிட்டு, வேலை முடிந்து ஈரத் துணியோடு திரியாமல் சௌக்கியமாக இருக்க எல்லையம்மன் துணை இருக்கட்டும். அப்பாவுக்குக் கம்பெனியில் இந்த மாதம் முழுக்க செகண்ட் ஷிப்ட்தான், தூக்கம் கெட்டாலும் ஆள் தெம்பாகத்தான் இருக்கிறார். நீ போன் பண்ணியபோது சசிகலா மாநில சைக்கிள் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள், வண்டியின் பின் டயர் தேய்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். பூத்தில் பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், அவர்கள் காதில் விழ மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் தங்கையை நடு ரோட்டில் நிற்க வைத்துத் திருடி என்றார்கள் மோகன். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் கன்டெய்னர் லாரி ஒதுக்கி, வல்லம் வடகால் பக்கம் அவள் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்தது உனக்குத் தெரியும். அதைக் கேட்டுத்தான் நீ வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கிற அந்த ஸ்டாண்டை வாங்கி, லீவில் வந்த வனமாமலையிடம் கொடுத்தனுப்பினாய். பின் சக்கரத்தைத் தூக்கி அதில் மாட்டினால் டயர் உருளைமேல் உரசிக்கொண்டு ஓடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், லாரி பயமில்லை, மழையில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கார்த்திகை, மார்கழி முழுக்கக் கூடத்திலேயே மிதித்தாள். வீடு முழுக்க ரப்பர் கருகிய வாசனை, ஸ்டாண்டுக்கு அடியில் தினமும் மை மாதிரி கறுப்புத் தூள், நான்தான் கூட்டி அள்ளுவேன். அந்தத் தூள் டயரிலிருந்து வருகிறது என்று தெரியும், இத்தனை சீக்கிரம் டயரையே தின்றுவிடும் என்று யாருக்குத் தெரியும். சைக்கிள் சங்கத்துக் கோச் தாவீது வாரம் தவறாமல் வந்து, நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அவள் மிதிப்பதைப் பார்த்துவிட்டுப் போவார். இதை மனதில் வைத்துக்கொள்.

பொங்கல் முடிந்து வாலாஜாபாத் ரோட்டில் தேர்வு வைத்தார்கள். ஒவ்வொரு பெண்ணாகத் தனித்தனியே ஓட்ட வேண்டும், யார் குறைந்த நேரத்தில் வருகிறார்களோ அந்த இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். ஓட்டுவதற்கு முன்னால் சங்கத்துச் செயலாளர் பலராமன் எல்லா வண்டியையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். சசிகலாவின் வண்டியிடம் வந்ததும் நின்றுவிட்டார். சங்கம் கொடுத்த வண்டி, பள்ளத்தில் விழுந்த பிறகு இரண்டு டயரும் ஒன்றாகப் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. முன் டயரில் புது ரப்பருக்கு இருக்குமே முடி முடியாக, அதுகூட உதிரவில்லை. பின் டயரோ நடுவில் தட்டையாக, வழவழவென்று மொட்டையாக, ஓரிடத்தில் நூலே தெரிந்தது. அந்த ஆள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னாமா இது, முன்னால புச்சு, பின்னால மொட்டையா கீது. சங்கம் குட்த்த டயர வித்துட்டு, எவனோ தூக்கிப் போட்டத மாட்டிகினு வந்துகீறியா" என்றார். ஷிப்ட் முடிந்து போகிற ஆட்கள், டீக்கடையில் நின்றவர்கள், மற்ற பெண்களின் அப்பா அம்மா எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சசிகலாவுக்கு முகம் செத்துவிட்டது. நான் தாவீதைப் பார்த்தேன். அவர் கழுத்தில் தொங்கிய விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டு டீ அந்த வாய்க்குள் எத்தனை முறை போயிருக்கும், ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. பலராமன் சொன்னதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் முன்னால் போய், "எம் பொண்ண இன்னா சொன்ன, இன்னொரு தபா சொல்லு" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுத்த வண்டிக்குப் போனார்.

அப்பா உடனே டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், அந்த ஸ்டாண்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். டீக்கடை எதிரிலேயே அதை இறக்கி, தோளில் கிடந்த வெள்ளைத் துண்டைக் கீழே விரித்து, வண்டியை மாட்டி, "ஏறி மிதிமா" என்றார். அவள் அழுதுகொண்டே மிதித்தாள். கூட்டம் சுற்றி நின்று பார்க்கப் பார்க்கத் துண்டில் கறுப்பாகத் தூள் விழுந்தது. முன் சக்கரம் சுற்றவே இல்லை என்பதையும் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "தோ, கண்ணெதிர்லயே தேயுதே, இன்னும் இன்னாய்யா வோணும்" என்று கேட்டுவிட்டார். பலராமன் அதற்காவது தலை குனிந்தாரா என்றால் இல்லை. "யாரைக் கேட்டு சங்கத்து வண்டிய மெஷின்ல வச்சித் தேச்சீங்க, அதுவும் தப்புதான். இந்த டயரோட ரோட்ல வுட மாட்டேன்" என்றார். நூல் தெரிந்த டயரில் விட எனக்கும் மனசில்லை, அந்த ஒன்று நியாயம். ஆனால் வேறு டயர் தாருங்கள் என்றால் கைவசம் இல்லை என்று கையை விரித்தார்.

அப்போதுதான் தங்கமாரி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஒரகடம் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள், லீவு நாளில்தான் ஓட்டவே முடியும். அவள் ஓட்டி முடித்து, அதுவரைக்கும் இரண்டாவதாக இருந்தாள். "ஏட்டி சசி, எதுக்கு நிக்க? என் பின்சக்கரத்தக் கழட்டி மாட்டிக்கோ, நான் ஓட்டி முடிச்சிட்டம்லா" என்று அவளே கழற்றிக் கொடுத்தாள். சசிகலா அதை மாட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது இவள் இரண்டாவது, தங்கமாரி மூன்றாவது. சக்கரம் கொடுத்தவளின் இடத்தையே வாங்கிக்கொண்டு வந்தது போலாகிவிட்டது. சசிகலா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்கு அந்தப் பெண், "சக்கரம் என்னது, காலு உன்னதுல்லா. இதுல அழுக என்ன கெடக்கு" என்றாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய், லாரி மறைவில் கொஞ்ச நேரம் திரும்பி நின்றாள். நான் பார்த்துவிட்டேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் போட்டோ எடுக்க வேண்டுமாம். பலராமன் பல்லெல்லாம் தெரிய வந்து, நம்ம ஊர் புள்ள என்று சசிகலாவின் தோள் பக்கம் நின்றார். அவள் நகர்ந்து நின்று, "நான் டயர் விக்கலன்னு எல்லார் எதிர்லயும் சொல்லுங்க சார், அப்பறம் நிக்கிறேன்" என்றாள். அவர், "அது சும்மா வார்த்தைக்குச் சொன்னதுமா, பெருசு பண்ணாத" என்றார். அவள் போட்டோவில் நிற்கவில்லை. நான்கூட அந்த இடத்தில் நின்றிருப்பேன் மோகன், அவள் நிற்கவில்லை. தாவீது பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே வந்து, "நடுவுல பூந்தா பலராமன் சாரு என்னையும் தூக்கிடுவாருக்கா" என்றார். நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் மேலும் எனக்குக் கோபம்தான். வழுக்காமல் இருக்க இறுக்கி வை என்று மட்டும் சொல்லியனுப்பினாய். அப்பா கம்பெனியில் நட்டு இறுக்குகிற மாதிரி உருளையை டயரோடு நசுக்கி வைத்தார், காற்றும் சரியாகப் பார்க்கவில்லை. இதற்கென்றே தனியாகக் கெட்டி டயர் கடையில் விற்கிறது என்று இப்போது போனில் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். அதை ஸ்டாண்டோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் அவள் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பாளா.

மாநிலப் போட்டி சேலத்தில். நானும் கூடப் போகிறேன். பலராமனும் வருவார். அவர் சொல்ல வேண்டியதை அங்கே எல்லா மாவட்டத்துக்காரர் எதிரிலும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நான் சொல்வேன், அப்பா தடுத்தாலும் கேட்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது பெல்ட்டைக் கழற்றாதே. நீ நீண்ட ஆயுளோடு, யாருக்கும் தலை குனியாமல் வாழ அம்மாவின் ஆசீர்வாதம். அந்தக் கெட்டி டயரை மறக்காமல் வாங்கி அனுப்பு, ஒன்று போதாது, இரண்டாக அனுப்பு. ஷிப்ட் முடிந்ததும் தங்கமாரி தினமும் நம் வீட்டுக்குத்தான் மிதிக்க வருகிறாள்.

இப்படிக்கு
உன் அம்மா
பா. பாஞ்சாலி