கேட்டதற்கு மட்டும்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

நீதிமன்றத்தில் என் கட்சிக்காரர்களின் மூன்று வழக்குகள்; மூன்றுக்கும் தவணை. மாலையில் விடத்தல்தீவுக்குத் தங்கை ஜெஸ்லியா வீட்டுக்குப் போனேன். அவளுடைய கணவர் தோமஸ் கடலட்டை பிடிக்கச் சுழியோடி, ஆழத்திலிருந்து வேகமாக மேலெழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து இரண்டு வருடமாகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க இப்போதுதான் சம்மதித்தார். என் கையால் எதுவும் வாங்கமாட்டார். "அரசாங்கம் தந்தா அது பிச்சை இல்லை, மச்சான்" என்கிறார்.

கொடுப்பனவு கிடைத்தால் ஜெஸ்லியா நண்டுக் கம்பனி வேலையை விட்டுவிட்டு அவருடன் இருப்பாள். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வைத்திய அறிக்கையும் ஆயிற்று. இனிச் சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டும்.

பெப்ரவரி 21, புதன்

நாளை வருகிறார்கள். சாட்சிக் கூண்டில் ஏறுபவருக்குச் சொல்வதையே தோமஸுக்கும் சொன்னேன்: கேட்டதற்கு மட்டும் பதில், சுருக்கமாக, தானாக எதையும் சொல்லவேண்டாம்.

"பொய் சொல்லச் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"அப்ப சுகமான வேலை" என்று சிரித்தார்.

பெப்ரவரி 22, வியாழன்

வந்த உத்தியோகத்தர் சுவேதினி, வழக்கு விடயங்களில் என்னை அறிந்தவர். வீட்டுக்கு வருபவரைப் படுத்தபடியா வரவேற்பது என்று ஜெஸ்லியா விடியவே தோமஸைத் துடைத்து, பூசைக்குப் போகும் சட்டையை அணிவித்து, அயல்வீட்டுக் கைபிடிக் கதிரையில் இருத்தியிருந்தாள். சரியாமல் இருக்க இடுப்பைச் சாரத்தால் கதிரையோடு கட்டி, மேலே விரிப்பைப் போர்த்தினாள். முடிச்சை நானே சரிபார்த்தேன்.

"சாப்பிடுறது நீங்களாவோ?"

"ஓம், மிஸ்."

"இருக்க ஏலுமோ?"

"இருக்கிறன்தானே."

"வேற கஷ்டம் ஏதும் சொல்லப் போறீங்களோ?"

தோமஸ் என்னைப் பார்த்தார். நான் மெல்லத் தலையசைத்தேன். வேண்டாம் என்று.

"இல்லை, மிஸ்."

சுவேதினி குளிர்பானத்தைக் குடித்துவிட்டுப் போனார். நன்றாக நடந்தது என்றே நினைக்கிறேன்.

மே 14, செவ்வாய்

கொடுப்பனவு பரிந்துரைக்கப்படவில்லை. தானாக அமர்கிறார், தொடர் பராமரிப்புத் தேவை எனக் கூறப்படவில்லை என்பது காரணம். முன்வைக்கப்பட்டதைக் கொண்டு நானும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பேன்.

ஜெஸ்லியா தோமஸ் மேலிருந்த விரிப்பை விலக்கிக் காட்டினாள். இடுப்பின் கீழே உள்ளங்கை அகலத்தில் புண்.

"நான் கம்பனிக்குப் போனா மத்தியானம் வரைக்கும் ஆர் இவரைப் புரட்டுறது, அண்ணா? நனைஞ்சபடியே கிடக்கிறார்."

எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. விடை தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது தொழில் பழக்கம் — அதைத் தங்கை வீட்டுக்குள்ளேயும் கொண்டுபோனாயோ? என்ன மனிசனடா நீ?

மே 15, புதன்

உறங்க முடியவில்லை. திருத்தமாக எழுதிவைக்கிறேன். அன்று நான் தலையசைத்தது சட்ட நுட்பத்தால் அல்ல. என்னை அறிந்த ஒருவர் முன்னிலையில் என் மச்சானின் மலசலக் கதை பேசப்படுவதை நான் விரும்பவில்லை. வெட்கம் என்னுடையது, புண் அவருடையது.

மே 17, வெள்ளி

மேன்முறையீடு கையளித்தேன். விண்ணப்பதாரர் கதிரையில் கட்டி இருத்தப்பட்டிருந்தார் என்பதையும், என் ஆலோசனையின்படியே மௌனம் காத்தார் என்பதையும் எழுதி, பெயரோடு கையொப்பமிட்டேன். இப்படியொரு வசனத்தில் ஒப்பமிட எந்தக் கட்சிக்காரரையும் நான் விட்டிருக்கமாட்டேன்.

ஜூன் 20, வியாழன்

மறுபரிசோதனை. அதே சுவேதினி. வாசலில் ஜெஸ்லியா என்னை மறித்தாள்: "நீங்கள் வெளியில நில்லுங்கோ, அண்ணா. உங்களைப் பாத்தா இவர் கதைக்கமாட்டார்."

மீன் காயும் பரண் அருகே நின்றேன். யன்னல் திறந்திருந்தது.

"கதிரை வேண்டாம், மிஸ். இப்பிடித்தான் கிடக்கிறனான்."

"நேற்று விடியத் துவங்கிச் சொல்லுங்கோ, அண்ணை."

சொன்னார். சிறுநீர் சேரும் பை நிரம்பினால் காத்திருப்பதை, எறும்பு ஏறினாலும் தெரியாததை, ஜெஸ்லியாவின் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக் கிடப்பதை. இடையில் அவர் குரல் உடைந்தது. சுவேதினி அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து சத்தம்: "மச்சான், வாங்கோ! சாட்சி முடிஞ்சுது. குறுக்கு விசாரணை இருந்தா இப்ப கேளுங்கோ."

என்னால் சிரிக்க முடியவில்லை.

ஜூலை 9

பதில் இல்லை. புண் ஆழமாகிறது.

ஓகஸ்ட் 5, திங்கள்

முற்பகலில் விடத்தல்தீவுக்குப் போனேன். வேலை நேரம், ஆனாலும் ஜெஸ்லியாவின் சைக்கிள் சுவரில் சாத்தியிருந்தது. கொடுப்பனவுக் கடிதம் வந்துவிட்டதாம்; கம்பனிக்குப் போவதைச் சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டாளாம். என்னிடம் சொல்ல மறந்துபோனாளாம்.

தோமஸைப் புரட்டும் நேரம். மேற்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலருகே போனேன்.

"எங்க பிடிக்கவேணும், மச்சான்?" என்று கேட்டேன்.

விடை எனக்குத் தெரியாது. அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.