தேனு, உன் படத்துல அப்பாவைத் திரும்பி வரவைக்கச் சொல்றாங்க

என் கண்ணு தேனுவுக்கு,

காய்ச்சல்னு படுத்தவ நீ எழுந்திருக்கவே இல்லை. நீ போய் ஆறு மாசம் ஆயிடுச்சு. எட்டாங்கிளாஸோட நின்னவ நான், எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தா எப்பவும் போலச் சிரிச்சுக்கோ. நீ வரைஞ்ச கார்ட்டூன் பொம்மைப் படத்துக்கு என்ன ஆச்சுன்னு நாலு பேருக்காவது தெரியட்டும்னுதான் இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

போன வாரம் டிவி சேனல்ல கூப்பிட்டாங்க. உன்கூட வேலை பார்த்த ரேவதியும் நானும் பட்டரவாக்கத்துல ரயில் ஏறிப் போனோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில லீவு சொல்லிட்டு, உன் நீலப் புடவையைக் கட்டிக்கினு போனேன். இந்தப் படத்தைத் தூக்கிக்கினு நீ நாலு வருஷம் ஏறி இறங்கின படி இல்லையா அது?

அங்க கார்ட்டூனைப் பார்த்துக்கிற சார் மரியாதையாத்தான் பேசினார். டீ குடுத்தார். "உங்க தங்கச்சி கை அபாரம்மா. ஆனா கார்ட்டூன் பார்க்கிறது குழந்தைங்க. அப்பா செத்துப்போற கதைக்கு எந்த பிஸ்கட் கம்பெனி விளம்பரம் குடுப்பான்?"

"பெரியவங்களும் பார்ப்பாங்களே சார்"னா ரேவதி.

"பொம்மைப் படம்னாலே அவங்க ரிமோட்டைப் புள்ளைங்க கையில குடுத்துட்டு எழுந்து போயிடுவாங்க"ன்னார். அதுவும் இல்லாம உன் கதையை முதல்லேர்ந்து வரிசையாப் பார்த்தாத்தான் புரியுதாம். முன்ன பின்ன மாத்திப் போட்டாலும், ஒரே நாள்ல நாலு தடவை போட்டாலும் ஓடணுமாம் அவங்களுக்கு.

நான் கேட்டுட்டேன்டி. "உங்க சீரியல்ல தினம் ஒருத்தி அழுவுறா. வருசக்கணக்கா வரிசையாத்தானே போடுறீங்க? எங்க தெருப் புள்ளைங்களும் அதைத்தான் பார்த்துகினு கீதுங்க. என் தங்கச்சி வரைஞ்ச பொண்ணு அழுதா மட்டும் இன்னா சார் கெட்டுப்போச்சு?" ரேவதி டேபிளுக்கு அடியில என் கையைக் கிள்ளினா. சார் சிரிச்சுட்டு, "அது வேற, இது வேறம்மா"ன்னார்.

அப்புறம் பேப்பரை நீட்டினார். உன் பொம்மைங்களை வாங்கிக்கிறாங்களாம். டிபன் கேரியரோட அப்பாவுக்காகக் காத்துகினு நிக்குதே உன் படத்துப் பொண்ணு, அதுக்குத் துணையாப் பேசுற அணில் ஒண்ணு வருமாம். கடைசியில அப்பா திரும்பி வந்துடுவாராம். அம்மாவும் இல்லை, உனக்குக் கல்யாணமும் ஆகலை. வாரிசுன்னு நான் கையெழுத்துப் போட்டாப் போதுமாம். உன் பேரும் டிவியில வருமாம்.

மறைக்க மாட்டேன் தேனு. பேனாவைக் கையில வாங்கிட்டேன். உன் பேரு வரும்னதும் எனக்கு ஆசை வந்துடுச்சு.

தொழிற்பேட்டை எஸ்டேட்ல மெஷின்ல மாட்டி அப்பா செத்தப்போ உனக்கு ஏழு வயசு. சின்னது பார்க்க வேணாம்னு உன்னை வேப்பம்பட்டு சித்தி ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு, மாலை போட்ட போட்டோவை பீரோவுல ஒளிச்சு வச்சுட்டுத்தான் உன்னைக் கூட்டிகினு வந்தோம். "அப்பா எங்கக்கா?"ன்னே. நான்தான் "நைட் ஷிப்டு"ன்னேன். மறுநாள் காலையில நீ கேரியரைத் தூக்கிக்கினு ரயில்வே கேட்டாண்ட போய் நின்னே. ஷிப்டு முடிஞ்சு சைக்கிள்ல வந்த ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்தே. பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் நீ போகலை. யார் சொன்னாங்கன்னு நான் கேட்கவும் இல்லை, நீ சொல்லவும் இல்லை.

அதைத்தான் படமா வரைஞ்சே. அம்மா பொம்மைக்கு என்னைப் பேச வச்சே. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்னு, ஒவ்வொரு வரியா நீ சொல்லுவே, நான் திருப்பிச் சொல்லுவேன். "இன்னாக்கா, ஓட்டா கேட்கிற? எங்கிட்ட பேசற மாதிரி பேசு"ன்னு கிண்டல் பண்ணுவே. மூணாம் பாகத்துல "அப்பா இனிமே வரமாட்டாரும்மா"ன்ற வரி வந்தப்போ எனக்கு வாயே வரலை. நீ பொறுமையா உட்கார்ந்திருந்தே. "சொல்லுக்கா. அன்னிக்குச் சொல்லலை இல்ல, இப்போ சொல்லு"ன்னே. சொன்னேன். பின்னாடி ரயில் போன சத்தமும் சேர்ந்து பதிஞ்சுடுச்சு. நீ அதை எடுக்கவே இல்லை.

அதெல்லாம் நெனப்பு வந்து, கையெழுத்துப் போடாம பேனாவை டேபிள் மேல வச்சுட்டு எழுந்துட்டேன். "யோசிச்சுக்கோங்கம்மா, மறுபடி கூப்பிட மாட்டோம்"ன்னார் சார். ரயில்ல திரும்பினோம். கொரட்டூர் வந்தப்புறம் ரேவதி, "நானா இருந்தா போட்டிருப்பேன்க்கா"ன்னா. அவ இப்போ புள்ளைங்க கார்ட்டூனுக்குப் பல் தேய்க்கிற கரடி வரைஞ்சுகினு கீறா. தப்புப் பண்ணிட்டேனா தேனு? நீ இருந்தா இன்னா சொல்லியிருப்பே?

முடிஞ்சது அந்த மூணு பாகம்தான். அப்பா இல்லாம அதுங்க எப்படிப் பொழைச்சதுங்கன்ற கதை முழுக்க உன் நோட்டுல பென்சில் கோடாக் கிடக்கு. அதை இனி யாரும் அசைய வைக்கப் போறதில்லை. முதல் பாகத்தை ரேவதி நெட்ல போட்டா. முப்பது தடவை பார்த்திருக்காங்க, அதுல பாதி நானு. வேற சேனல்ல கேட்டாலும் இதையேதான் சொல்லுவாங்க. எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லைடி.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மூணாம் பாகத்துல என் வாயால அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது சொன்னதுதான். யாரும் பார்க்காமப் போனாலும் போகட்டும். ஒருவாட்டி உன்னை ஏமாத்தினேன். அவளை ஏமாத்த மாட்டேன்.

படத்துல அம்மாவாப் பேசின,
உன் அக்கா மல்லிகா